வாக்குப் பெட்டியும் பகிஷ்காரமும்

2005ஆம் ஆண்டு நவம்பர் 17ஆம் திகதி நடைபெற்ற ஜனாதிபதித் தேர்தலில், யாழ்ப்பாணத் தேர்தல் மாவட்டத்தின் வாக்காளர் இடாப்பிற் பதிவாகியிருந்தோர் தொகை 701,938. வாக்களித்தோர் 8,524 பேர். நூற்றுக்கு ஒன்றேகால் பேர்கூட இல்லை. அந்த எட்டாயிரத்துச் சொச்சத்திலும் 656 சீட்டுகள் செல்லாதவையெனத் தள்ளப்பட்டன. நாடு முழுவதையும் சேர்த்துப் பார்த்தால், மகிந்த ராஜபக்ஷ ரணில் விக்கிரமசிங்கவை வென்ற வித்தியாசம் 180,786 வாக்குகள் மாத்திரமே. குடாநாட்டின் மௌனம் அவ்வாண்டு நாட்டின் ஆட்சித் தலைவரையே தீர்மானித்தது என்று சொல்வோர் உண்டு. கணக்கு அவர்களுக்குச் சார்பாகவே நிற்கிறது.

இம்மௌனத்துக்கு இரண்டு உரைகள் எழுதப்பட்டன. ஒரு சாரார் அதனை மக்களின் தீர்ப்பு என்றனர். மறுசாரார் அதனைத் துப்பாக்கியின் தீர்ப்பு என்றனர். இரு சாராரும் ஒரு கேள்வியைத் தவிர்த்தே பேசினர்: வாக்களியாமை என்னும் செயலை யார் தீர்மானித்தார்கள்? வீட்டிலிருந்த உழவனும் மீனவனும் ஆசிரியையும் தாமாகவே தீர்மானித்தார்களா, அல்லது அவர்களுக்காக இன்னொருவர் தீர்மானித்தாரா? இக்கேள்வி 2005இல் முளைத்ததன்று. சர்வசன வாக்குரிமை இத்தீவில் காலடி வைத்த நாளிலேயே, 1931இலேயே, யாழ்ப்பாணம் இக்கேள்வியை எழுப்பிவிட்டது. அதற்கு இன்றுவரை நேர்மையான விடை கூறப்படவில்லை என்பது எமது எண்ணம்.

டொனமூர் ஆணைக்குழு 1927இன் இறுதியில் இலங்கைக்கு வந்து, 1928இல் தன் அறிக்கையை வெளியிட்டது. அதற்கு முன்னர் சட்டசபைக்கு வாக்களிக்கும் உரிமை சொத்தும் வருமானமும் எழுத்தறிவும் படைத்த ஆண்களுக்கே இருந்தது. சனத்தொகையில் அவர்கள் ஏறக்குறைய 4 வீதம். ஆணைக்குழு இந்த வேலியைப் பிடுங்கி எறிந்தது. முதலில் பெண்களுக்கு முப்பது வயதென வரையறுத்த சிபார்சு பின்னர் திருத்தப்பட்டு, 21 வயது நிரம்பிய ஆண் பெண் இருபாலாருக்கும் வாக்குரிமை என்றாயிற்று. இங்கிலாந்திலேயே ஆண்களோடு சமமான வாக்குரிமை பெண்களுக்குக் கிடைத்தது 1928இலேதான் என்பதை நினைவிற் கொண்டால், ஒரு குடியேற்ற நாட்டுக்கு இது எத்துணைப் பெரிய பாய்ச்சல் என்பது விளங்கும். அயலிலுள்ள சென்னை மாகாணத்தில் 1937இல் நடந்த தேர்தலில்கூடச் சொத்தும் கல்வியும் வாக்குரிமைக்குத் தகுதிகளாக நின்றன.

இந்த உரிமையை யாழ்ப்பாணத்துப் பெரியோர் எப்படி எதிர்கொண்டனர்? சேர். பொன்னம்பலம் இராமநாதன் அதனை எதிர்த்து நின்றார். சொத்தும் கல்வியுமற்ற கூட்டத்தின் கையில் ஆட்சியை ஒப்படைப்பது நாசத்துக்கு வழியென்பது அவர் வாதம். 1930இல் அவர் காலமாகும்வரை இவ்வெண்ணத்தில் மாற்றமில்லை. அவர் தனிமனிதராக இதனைச் சொல்லவில்லை. கோயில் மணியகாரர் முதல் கிராம உடையார்வரை பரந்திருந்த ஒரு வர்க்கத்தின் அச்சத்தையே அவர் நாவன்மையோடு எடுத்துரைத்தார். தோட்டத்தில் துலா மிதிப்பவனும் கள் இறக்குபவனும் தன் வீட்டுப் படலையில் வந்து நின்று குனிந்து பேசுபவனும் தன்னோடு ஒரே வரிசையில் நின்று, தன் வாக்குக்குச் சமமான எடையுள்ள வாக்கைப் போடுவான் என்பதை நிலவுடைமையாளனால் சீரணிக்க முடியவில்லை. தாழ்த்தப்பட்டோர் சார்பில் ஆணைக்குழுவின் முன் சாட்சியமளித்தவர்களோ இவ்வாக்குரிமையை இருகரம் நீட்டி வரவேற்றனர். அவர்களுடைய பிள்ளைகள் அக்காலத்தில் பாடசாலைகளில் வாங்கில் உட்காரும் உரிமைக்கே போராடிக்கொண்டிருந்தார்கள். உதவி நன்கொடை பெறும் பாடசாலைகளில் சமாசனம் வழங்கவேண்டுமென அரசாங்கம் பணித்தபோது, சில ஊர்களில் பாடசாலைகளே தீக்கிரையாக்கப்பட்டன. வாக்குரிமை வந்த காலத்தின் யாழ்ப்பாணம் இத்தகையது.

அதே யாழ்ப்பாணத்தில் இன்னொரு குரலும் எழுந்தது. 1924இல் மாணவர் காங்கிரஸ் எனத் தோன்றிப் பின்னர் யாழ்ப்பாண வாலிபர் காங்கிரஸ் எனப் பெயர் பெற்ற இயக்கம் அது. வட்டுக்கோட்டை யாழ்ப்பாணக் கல்லூரியில் ஆசிரியராயிருந்த ஹண்டி பேரின்பநாயகம் அதன் உயிர்நாடி. உறுப்பினர் பெரும்பாலும் ஆசிரியரும் மாணவருமே. 1927 நவம்பரில் காந்தியடிகளை யாழ்ப்பாணத்துக்கு அழைத்தவர்கள் இவர்கள்தாம். பூரண சுயராச்சியம், தேசீய ஒற்றுமை, தாய்மொழிக் கல்வி, சாதி ஒழிப்பு என்பன இவர்களுடைய கொள்கைகள். மகாநாடுகளில் சாதி பாராது சமபந்தி போசனம் நடத்திக் காட்டினார்கள். சமாசனத்தை ஆதரித்தார்கள். இன்று வாசிக்கும்போது, முப்பது ஆண்டுகள் முந்திப் பிறந்துவிட்டார்களோ என்று எண்ணத் தோன்றுகிறது.

1931 ஏப்பிரலில் நடந்த மகாநாட்டுக்குக் கமலாதேவி சட்டோபாத்யாய தலைமை தாங்கினார். உப்புச் சத்தியாக்கிரகத்தின் வெப்பம் ஆறாத காலம். காந்தி இர்வின் ஒப்பந்தம் கைச்சாத்தாகி ஒரு மாதமே கழிந்திருந்தது. டொனமூர் அரசியற்றிட்டம் சுயராச்சியத்துக்கு எட்டாத தூரத்திலிருக்கிறது. தேசாதிபதியின் கையில் தடுப்பதிகாரம் இருக்கிறது. நிதியும் நீதியும் பொதுநிருவாகமும் மூன்று ஆங்கில உத்தியோகத்தர் வசமே விடப்பட்டுள்ளன. ஆகவே இத்தேர்தலைப் பகிஷ்கரிக்க வேண்டுமென்று பிரேரணை நிறைவேறிற்று. இந்தியாவில் நடப்பதை இங்கும் நடத்திக்காட்ட வேண்டும் என்ற ஆவேசமும் அதிற் கலந்திருந்தது. தெற்கும் தம்மைப் பின்பற்றும் என வாலிபர்கள் நம்பினர். தெற்கு பின்பற்றவில்லை. அநுதாபங் காட்டிய தென்னிலங்கைத் தலைவர்களும் நியமன நாளில் பத்திரங்களைக் கொடுத்துவிட்டனர். இலண்டனில் மாணவராயிருந்த பிலிப் குணவர்த்தன மாத்திரம், யாழ்ப்பாணம் வழிகாட்டிவிட்டது என்று உளமார வாழ்த்தி எழுதினார்.

பகிஷ்காரம் நிறைவேறிய முறையை இங்கே நுணுகிப் பார்த்தல் வேண்டும். யாழ்ப்பாணம், காங்கேசன்துறை, ஊர்காவற்றுறை, பருத்தித்துறை ஆகிய நான்கு தொகுதிகளிலும் நியமன நாளன்று ஒருவரும் பத்திரம் கொடுக்கவில்லை. அரசாங்க சபையின் 50 தெரிவுத் தானங்களில் நான்கு வெறுமையாயின. அபேட்சகர் இல்லாத இடத்தில் வாக்கெடுப்பும் இல்லை. வாக்குப் பெட்டிகளே ஊருக்குள் வரவில்லை. ஆகவே 1931இல் வாக்களிக்க மறுத்தவர்கள் என்று எவரையும் சுட்ட முடியாது. மறுக்கும் வாய்ப்பே மக்களுக்குக் கிடைக்கவில்லை. நான்கு தொகுதிகளிலும் போட்டியிடக்கூடிய ஒரு சில கனவான்கள் ஒதுங்கி நின்றமையால் பகிஷ்காரம் முழு வெற்றியாயிற்று. அவர்கள் ஏன் ஒதுங்கினர்? சிலர் கொள்கையினால். சிலர் வாலிபர்களின் செல்வாக்குக்கு அஞ்சி. இன்னும் சிலர் வேறு காரணத்தால்: சர்வசன வாக்குரிமையோடு வந்த ஒரு திட்டம் தோற்றுப்போவதைக் காண அவர்களுக்கு விருப்பமிருந்தது. சாதி ஒழிப்பை வேண்டிய வாலிபனும் சாதியைக் காக்க விரும்பிய பிரபுவும் ஒரே மேடையில் நிற்க நேர்ந்தது அவ்வாண்டில்தான். இதனை நாம் வாலிபர் காங்கிரசைக் குறைகூறுவதற்காகச் சொல்லவில்லை. அவர்களுடைய தியாகமும் தூய்மையும் ஐயத்துக்கு அப்பாற்பட்டவை. ஆனால் தூய்மை ஒரு கணக்கை மறந்தது. வாழ்க்கையில் முதன்முதலாக ஒரு சீட்டைக் கையிலெடுக்கவிருந்த பள்ளனும் பறையனும் நளவனும், அவ்வாறே வேளாளர் வீட்டு அடுக்களையிலிருந்த பெண்ணும், அந்தச் சீட்டை வேண்டாமென்று தாமாகச் சொன்னார்களா? அவர்களை யாரும் கேட்கவில்லை.

கொழும்பில் நேசம் சரவணமுத்து என்ற தமிழ்ப் பெண்மணி 1932இல் கொழும்பு வடக்கிலிருந்து அரசாங்க சபைக்குத் தெரிவானார். அவ்வேளையில் யாழ்ப்பாணத்துப் பெண் ஒருத்தியாவது தன் ஊரில் வாக்களித்தது கிடையாது.

இதனோடு ஒப்பிட்டு நோக்கத் தக்கது அயர்லாந்து. 1918 பொதுத் தேர்தலில் சின் பெயின் கட்சியாரும் ஆங்கிலப் பாராளுமன்றத்தை ஏற்க மறுத்தவர்களே. அவர்கள் தேர்தலை மறுக்கவில்லை. ஊரூராகச் சென்று, உமது வாக்கைப் பெற்று நாங்கள் வெஸ்ட்மின்ஸ்டருக்குப் போகமாட்டோம் என்று சொல்லியே வாக்குக் கேட்டார்கள். அயர்லாந்தின் 105 தானங்களில் 73ஐ வென்றார்கள். வென்றபின் இலண்டனுக்குப் போகாமல் 1919 சனவரியில் டப்ளினில் தமது சபையைக் கூட்டினார்கள். மக்களை எண்ணிக்கையிட்டுக் காட்டிவிட்டு மறுத்தார்கள். எனவே அந்த மறுப்பின் பின்னால் எத்தனை பேர் நிற்கிறார்கள் என்பதில் உலகுக்கு ஐயமில்லை. யாழ்ப்பாணத்தின் மறுப்புக்குப் பின்னால் எத்தனை பேர் நின்றார்கள் என்பதை எவராலும் அறிய முடியவில்லை. அறியமுடியாததாலேயே, அம்மறுப்பு என்ன சொல்லிற்று என்பதைப் பின்வந்தோர் தம் விருப்பப்படி மாற்றியெழுத முடிந்தது. அந்நிய ஆட்சியை எதிர்த்த தேசீயச் செயலாக எழுந்த பகிஷ்காரம், சில ஆண்டுகளுள், தமிழருக்குப் பிரதிநிதித்துவம் போதாதென்ற மனக்குறையின் முதல் அத்தியாயமாக விளக்கப்பட்டது. வாலிபர் காங்கிரஸ் கனவிலும் கருதாத உரை அது.

மூன்றாண்டு கழிந்து, ஸ்டப்ஸ் தேசாதிபதி காலத்தில், 1934இல் நான்கு தொகுதிகளுக்கும் தேர்தல் நடந்தது. யாழ்ப்பாணத்துக்கு ஏ. மகாதேவா, காங்கேசன்துறைக்குச் சு. நடேசபிள்ளை, ஊர்காவற்றுறைக்கு என். செல்வதுரை, பருத்தித்துறைக்கு ஜீ. ஜீ. பொன்னம்பலம். மகாதேவா சேர். பொன். அருணாசலத்தின் மைந்தர், நடேசபிள்ளை இராமநாதனின் மருமகன். பகிஷ்காரத்தை நடத்தியவர்கள் வாலிபர்கள். அது முடிந்தபின் தானங்களிற் சென்றமர்ந்தவர்களில் இருவர் பழைய மாளிகைகளைச் சேர்ந்தவர்கள். மூன்றாமவராகப் பருத்தித்துறையிலிருந்து வந்த இளம் நியாயவாதியே பின்னர் ஐம்பதுக்கு ஐம்பது கோரிக்கையை எழுப்பித் தமிழர் அரசியலின் போக்கை மாற்றினார். 1931இல் யாழ்ப்பாணப் பிரதிநிதி ஒருவருமின்றி மந்திரிசபை அமைந்தது. 1936இல் முழுக்கச் சிங்களவரைக் கொண்டதாகவே அது அமைந்தது. வாலிபர் காங்கிரஸ் மெல்ல ஒளி மங்கிற்று.

அரசாங்க சபைக் காலத்து வாக்கெடுப்பில் அபேட்சகர் ஒவ்வொருவருக்கும் ஒரு நிறம். எழுத்தறியாதோர் நிறத்தைப் பார்த்துப் பெட்டியில் சீட்டைப் போட்டனர். எழுத்தறிவின்மையைக் காட்டி வாக்குரிமையை மறுத்தோருக்கு அந்த நிறப் பெட்டியே போதிய விடை.

1947இல் பாராளுமன்றத் தேர்தல் வந்தபோது, யாழ்ப்பாணத் தொகுதியில் பொன்னம்பலம் 14,324 வாக்குகளும் மகாதேவா 5,224 வாக்குகளும் பெற்றனர். பழைய மாளிகை வீழ்ந்தது. வந்தது புதிய நியாயவாதிகளின் காலம். அடுத்த இரண்டாண்டில் மலையகத் தொழிலாளரின் குடியுரிமையும் வாக்குரிமையும் சட்டமியற்றிப் பறிக்கப்பட்டன. அந்த அநீதியின் முன்னே தமிழ்க் காங்கிரஸ் பிளந்து, 1949 டிசம்பரில் தமிழரசுக் கட்சி பிறந்தது. 1952இல் அதன் தலைவர் செல்வநாயகம் காங்கேசன்துறையில் நடேசபிள்ளையிடம் தோற்றார். நான்கே ஆண்டுகளில், சிங்களம் மட்டும் என்ற கோஷம் தெற்கில் எழுந்தபின், நிலைமை தலைகீழாயிற்று. வாக்காளன் மாறினானா, அவனைச் சூழ்ந்த உலகம் மாறியதா என்பதை அறிய இவ்விரு தேர்தல்களையும் அருகருகே வைத்துப் பார்த்தால் போதும்.

1956 தேர்தலைப் பற்றிப் பேசுவோர் பருத்தித்துறையை மறந்துவிடுகின்றனர். தமிழரசு அலை வீசிய அந்த ஆண்டில் அத்தொகுதி கம்யூனிஸ்டான பொன். கந்தையாவைப் பாராளுமன்றத்துக்கு அனுப்பியது. இலண்டனிற் கற்ற அறிஞர் அவர். வடமராட்சியின் ஆசிரியர்களும் தாழ்த்தப்பட்ட மக்களும் உழவரும் சேர்ந்து கொடுத்த வெற்றி அது. சிங்களமும் தமிழும் சம அந்தஸ்துள்ள மொழிகள் என்று அன்று இடதுசாரிகள் உறுதியாக நின்றனர். ஆகவே தமிழனாகவும் தொழிலாளனாகவும் ஒரே சீட்டில் வாக்களிக்க வடமராட்சியானுக்கு முடிந்தது. அரசகரும மொழி மசோதாவை எதிர்த்துக் கந்தையா ஆற்றிய உரை அந்த நம்பிக்கைக்குச் செய்த கைம்மாறு. பின்னர் அறுபதுகளின் நடுப்பகுதியில் அக்கட்சிகளே கூட்டணி மோகத்தில் சம அந்தஸ்துக் கொள்கையைக் கைவிட்டன. 1966 சனவரியில் தமிழ்மொழி ஒழுங்குவிதிகளை எதிர்த்துக் கொழும்பு வீதியில் இறங்கியோருடன் அவையும் நின்றன. அதன்பின் வடக்கில் வாக்குக் கேட்டுப் படலை தட்ட அவர்களுக்கு முகமில்லாது போயிற்று. இதனை நாம் நாமே சொல்லிக்கொள்ள வேண்டும். பிறர் சொல்லும்வரை காத்திருத்தல் அழகன்று.

அதே ஆண்டு ஒக்டோபர் 21ஆம் திகதி சுன்னாகத்திலிருந்து யாழ்ப்பாணம் நோக்கி ஓர் ஊர்வலம் புறப்பட்டது. தேநீர்க் கடைகளிலும் கோயில்களிலும் நிலவிய தீண்டாமைக்கெதிராக, பாராளுமன்றப் பாதையில் நம்பிக்கையற்ற சீனச் சார்புக் கம்யூனிஸ்டுகள் தலைமை தாங்கிய போராட்டத்தின் தொடக்கம் அது. சமூகக் குறைபாடுகள் ஒழிப்புச் சட்டம் 1957இலேயே நிறைவேறியிருந்தது. ஒன்பது ஆண்டுகள் அது காகிதத்திலேயே கிடந்தது. எல்லாத் தேர்தலிலும் தவறாது வாக்களித்த தாழ்த்தப்பட்ட மக்கள், கடையில் ஒரு கிளாசில் தேநீர் குடிப்பதற்கு வீதியில் அடிபட வேண்டியிருந்தது. வாக்களித்தவர்களின் வீதத்தை மாத்திரம் எண்ணிக்கொண்டிருப்போர் இதனையும் ஒரு கணக்கில் எழுதிவைத்தல் நலம்.

1972இல் புதிய அரசியலமைப்பை எதிர்த்துச் செல்வநாயகம் தம் தானத்தைத் துறந்தார். இடைத்தேர்தலை அரசாங்கம் இரண்டு ஆண்டுகளுக்கு மேல் இழுத்தடித்து, 1975 பெப்ருவரி 6ஆம் திகதிதான் நடத்திற்று. செல்வநாயகம் பெற்றவை 25,927 வாக்குகள். அவரை எதிர்த்த கம்யூனிஸ்ட் அபேட்சகர் வி. பொன்னம்பலம் 9,457 வாக்குகள் பெற்றார். செல்வநாயகம் இதனைத் தனிநாட்டுக்கான ஆணையென அறிவித்தார். வெற்றி ஐயத்துக்கிடமற்றது. ஆயினும் அந்த உணர்ச்சி வெள்ளத்திலும், ஆளுங் கூட்டணியைச் சேர்ந்த கட்சி என்ற பெரும்பழியைச் சுமந்துகொண்டே, நான்கில் ஒரு பங்குக்கு மேற்பட்டோரின் வாக்கை ஒரு கம்யூனிஸ்ட் பெற்றார் என்பதும் உண்மை. வெற்றி முழக்கத்தில் இந்த ஒன்பதாயிரம் பேரும் மறைந்துவிட்டார்கள். பின்வந்த ஆண்டுகளில் அவர்களைப் போன்றோர் பேசுவதற்கே இடமில்லாது போயிற்று.

1981 யூன் 4ஆம் திகதி நடந்த மாவட்ட அபிவிருத்திச் சபைத் தேர்தலுக்கு முன்னைய நாட்களில் யாழ்ப்பாணப் பொதுநூலகம் எரிக்கப்பட்டது. வாக்குப் பெட்டிகள் சில காணாமற் போயின. சாம்பல் ஆறுவதற்குள் மக்கள் வரிசையில் நின்று வாக்களித்தார்கள். சபையின் பத்துத் தானங்களையும் தமிழர் விடுதலைக் கூட்டணிக்கே கொடுத்தார்கள். அரசாங்கமே பெட்டியைத் திருடும் காலத்திலும் குடாநாட்டு மக்கள் பெட்டியைக் கைவிடவில்லை.

அடுத்த ஆண்டு ஒக்டோபரில் நடந்த முதலாவது ஜனாதிபதித் தேர்தலின் யாழ்ப்பாண முடிவு ஆராயத் தக்கது. நாடெங்கும் எண்பது வீதத்துக்கு மேல் வாக்களித்த அத்தேர்தலில் இம்மாவட்டத்தில் வாக்களித்தோர் 46 வீதமே. கூட்டணி அபேட்சகரை நிறுத்தவில்லை. இளைஞர் இயக்கங்கள் பகிஷ்காரம் பேசின. வந்த வாக்குகளில் குமார் பொன்னம்பலம் 87,263ஐப் பெற்றார், ஹெக்டர் கொப்பேகடுவ 77,300, ஜே. ஆர். ஜயவர்த்தன 44,780. இரண்டாவது எண்ணைக் கூர்ந்து நோக்குங்கள். கொப்பேகடுவ ஸ்ரீலங்கா சுதந்திரக் கட்சிக்காரர். தரப்படுத்தலையும் 1972 அரசியலமைப்பையும் கொண்டுவந்த ஆட்சியில் அமைச்சராயிருந்தவர். சிங்களவர். எழுபத்தேழாயிரம் தமிழர் அவருக்கு ஏன் வாக்களித்தனர்?

விடை செம்மண்ணில் இருக்கிறது. 1970 முதல் 1977 வரை விவசாய அமைச்சராயிருந்தவர் அவர். அக்காலத்தில் வெளிநாட்டு வெங்காயமும் மிளகாயும் தடுக்கப்பட்டன. உரும்பிராய், இணுவில், புன்னாலைக்கட்டுவன் தோட்டங்களில் விளைந்தவை கொழும்புச் சந்தையில் நல்ல விலை போயின. கல்வீடுகள் எழுந்தன; நீரிறைக்கும் இயந்திரங்கள் வந்தன. 1977க்குப்பின் திறந்த பொருளாதாரம் வந்து இறக்குமதி மடை திறந்ததும் தோட்டக்காரன் முறிந்தான். அவன் வாக்களித்தது இனத்துக்கு எதிராகவன்று, தன் வெங்காயத்துக்காக. மொழியுரிமைக்கு ஒரு வாக்கும் வயிற்றுக்கு ஒரு வாக்கும் தனித்தனியே போட வழியில்லாதபடியால், இரண்டிலொன்றை அவன் தெரிந்தெடுக்க நேர்ந்தது. இரண்டு மாதங்களின் பின் பாராளுமன்றத்தின் ஆயுளை நீடிக்க நடந்த சர்வசன வாக்கெடுப்பில் அதே மாவட்டம் பத்தில் ஒன்பது பங்குக்கு மேல் வேண்டாமென்று சொல்லிற்று. தெளிவான கேள்வி கேட்கப்பட்டால் தெளிவான விடை சொல்ல இம்மக்களுக்குத் தெரியும் என்பதற்கு இதைவிடச் சான்று தேவையில்லை.

1983 மே 18ஆம் திகதி உள்ளூராட்சித் தேர்தல். இம்முறை பகிஷ்காரக் கட்டளை ஆயுதம் ஏந்தியோரிடமிருந்து வந்தது. மிகச் சொற்பமானவர்களே வாக்களித்தனர். அன்று கந்தர்மடத்தில் வாக்களிப்பு நிலையத்தருகே படையாள் ஒருவன் கொல்லப்பட்டான். படையினர் அயலிலுள்ள வீடுகளை எரித்தனர். இரு மாதத்தில் ஆடிக் கலவரம். பிறகு வந்த ஆண்டுகளில் வாக்குப் பெட்டி யாழ்ப்பாணத்தானுக்கு ஒரு பழங்கதையாயிற்று. 1989இல் ஈரோஸ் அமைப்பின் சுயேச்சைக் குழு மாவட்டத்தின் 11 தானங்களில் எட்டை வென்றதை ஒரு விதிவிலக்காகக் கருதலாம்.

1994 பொதுத் தேர்தல் விகிதாசார முறையின் விந்தைக்கு உலகோருக்குக் காட்டக்கூடிய உதாரணம். குடாநாடு புலிகளின் வசமிருந்தது. தீவுப்பகுதி மட்டும் படையினர் கையில். மாவட்டத்தின் 10 தானங்களும் அந்தத் தீவுகளில் விழுந்த வாக்குகளாலும் இடம்பெயர்ந்தோர் வேறிடத்திலிருந்து அளித்த வாக்குகளாலும் நிரப்பப்பட்டன. ஈ.பி.டி.பி. 10,744 வாக்குகளுக்கு ஒன்பது தானங்களைப் பெற்றது. பத்தாவது தானம் 2,098 வாக்குகளுக்கு முஸ்லிம் காங்கிரசுக்குச் சென்றது. 1990 ஒக்டோபரில் சில மணிநேர அவகாசத்தில் யாழ்ப்பாணத்தைவிட்டு விரட்டப்பட்ட முஸ்லிம்கள், புத்தளத்து முகாம்களிலிருந்து தம் பழைய ஊருக்காகப் போட்ட வாக்குகளை நாம் மறக்கலாகாது. ஊர் அவர்களைத் துரத்திவிட்டது. வாக்காளர் இடாப்பில் மட்டும் அவர்கள் ஊர்க்காரராக நீடித்தார்கள்.

1998 சனவரியில் யாழ்ப்பாண மாநகரசபைக்குத் தேர்தல் நடந்தது. மேயரான சரோஜினி யோகேஸ்வரன் மே மாதத்தில் சுட்டுக் கொல்லப்பட்டார். அவருக்குப்பின் வந்த பொன். சிவபாலன் செப்ரெம்பரில் குண்டுக்கு இரையானார். வாக்குக் கேட்டமைக்கே தண்டனை மரணமான ஊரில், வாக்களிப்பு வீதத்தைக் கொண்டு மக்களின் மனத்தை அளக்க முனைவது விளையாட்டு.

இனி 2005க்குத் திரும்புவோம். இத்தேர்தலில் தமிழ் மக்களுக்கு அக்கறையில்லை எனப் புலிகள் இயக்கமும் அதனைச் சார்ந்தோரும் தேர்தலுக்குச் சில நாள் முன்னர் கூறினர். வாக்களிக்கப் போகலாகாது என்ற எச்சரிக்கை ஊர்தோறும் பரவியது. ஓராண்டுக்கு முன் 2004இல் அதே இயக்கத்தின் ஆசியோடு நின்ற கூட்டமைப்புக்கு மாவட்டத்தின் ஒன்பது தானங்களில் எட்டைத் தந்தவர்கள் இதே மக்கள். எனவே வாக்குப் பெட்டியில் நம்பிக்கையற்றிருந்தனர் என்று சொல்ல இடமில்லை. போ என்றபோது போனார்கள். போகாதே என்றபோது போகவில்லை. 1931இல் கனவான்கள் ஒதுங்கியதால் மக்களின் கையிற் சீட்டு வரவில்லை. 2005இல் சீட்டு வந்தும் எடுக்கும் கை கட்டப்பட்டது. ஒன்றில் வற்புறுத்தலில்லை, மற்றதில் உண்டு, இவ்வேற்றுமை பெரிது. ஆயினும் இரண்டிலும் மக்களின் மௌனத்தை மக்களிடம் கேளாமலே அவர்கள் பெயரில் எழுதினார்கள்.

இன்னொன்று. அந்த 701,938 என்னும் எண்ணே ஐயத்துக்குரியது. போரில் இறந்தோர், இந்தியாவுக்கு ஓடியோர், ரொறொன்ரோவிலும் இலண்டனிலும் பாரிசிலும் குடியேறியோர் பெயர்களெல்லாம் இடாப்பில் அப்படியே கிடந்தன. 2010 ஜனாதிபதித் தேர்தலின்போது இடாப்பில் 721,359 பேர். வாக்களித்தோர் ஏறக்குறைய நான்கிலொருவர். அதன்பின் இடாப்பு திருத்தப்பட்டது. 2015 சனவரியில் பதிவு 529,239ஆகக் குறைந்தது. வாக்களித்தோர் 66 வீதம். ஐந்தே ஆண்டில் இரண்டு இலட்சத்துக்குக் கிட்டிய பெயர்கள் மறைந்தன. ஆகவே 2010இன் குறைந்த வீதத்தைப் பார்த்து மக்களின் வெறுப்பை அளந்தோர், பாதி இறந்தோரையும் புலம்பெயர்ந்தோரையும் அளந்தார்கள். இடாப்புச் சுருங்கியதோடு மாவட்டத்தின் தானங்களும் ஒன்பதிலிருந்து ஏழாகி, 2024இல் ஆறாயின. யுத்தம் யாழ்ப்பாணத்திலிருந்து எத்தனை பேரை எடுத்துச்சென்றது என்பதைப் பாராளுமன்றத்திலுள்ள நாற்காலிகளின் எண்ணிக்கையிலேயே எண்ணிப் பார்க்கலாம்.

யுத்தத்துக்குப் பின் பெட்டி ஊருக்குத் திரும்பிற்று. 2013 செப்ரெம்பரில் வடமாகாணசபைக்கு நடந்த முதலாவது தேர்தலில் மாவட்டத்தில் 64 வீதத்தினர் வாக்களித்தனர். மாகாணத்தின் 38 தானங்களில் 30 கூட்டமைப்புக்கு. எவரும் கட்டளையிடாமல் மக்கள் திரண்டமை ஒரு தலைமுறைக்குப் பிறகு அதுவே.

ஆனால் யாரை அபேட்சகராக நிறுத்துவது என்பதைத் தீர்மானிக்கும் அதிகாரம் மக்களிடம் வரவில்லை. அமெரிக்காவில் கட்சியின் அபேட்சகரைக் கட்சியைச் சார்ந்த வாக்காளரே முன்தேர்தல் நடத்தித் தெரிவுசெய்யும் வழக்கம் இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் வேரூன்றியது. நமது கட்சிகளிற் பட்டியல் எழுதுவது மத்தியகுழு. பட்டியலுக்குள்ளிருக்கும் பெயர்களில் மூன்றுக்கு விருப்பு வாக்கிடும் உரிமை மாத்திரம் வாக்காளனுக்கு. அதன் விளைவாக ஒரே கட்சியின் அபேட்சகர்கள் ஒருவரையொருவர் வீழ்த்தவே அதிகம் பாடுபடுகின்றனர். 1949இல் தோன்றிய தமிழரசுக் கட்சி, தலைவரை வாக்கெடுப்பால் தெரிவு செய்தது 2024 சனவரி 21ஆம் திகதி திருகோணமலையிலே தான். சி. சிறீதரன் 184 வாக்குகளும் எம். ஏ. சுமந்திரன் 137 வாக்குகளும் பெற்றனர். எழுபத்தைந்து ஆண்டில் முதன்முறையாகக் கட்சி தன் உறுப்பினரை எண்ணிப் பார்த்தது. பார்த்த சில வாரங்களுக்குள் விவகாரம் நீதிமன்றப் படி ஏறிற்று. 321 பேரின் விருப்பத்தையே தாங்க இயலாத கட்சி ஐந்து இலட்சம் பேரின் விருப்பத்தைத் தாங்குமா என்று ஊரார் கேட்டார்கள்.

அவ்வாண்டு நவம்பர் 14ஆம் திகதி அவர்கள் தந்த விடை பலரைத் திடுக்கிடச் செய்தது. மாவட்டத்தில் முதலிடம் தேசிய மக்கள் சக்திக்கு: 80,830 வாக்குகள், மூன்று தானங்கள். தமிழரசுக் கட்சிக்கு 63,327 வாக்குகளும் ஒரே தானமும். தெற்கில் வேர்கொண்ட ஒரு கட்சி யாழ்ப்பாண மாவட்டத்தில் முதலிடம் பெற்றதைக் கண்டு சிலர் தமிழ்த் தேசீயம் மடிந்தது என்றார்கள். அந்த மூன்று தானங்களும் அளிக்கப்பட்ட வாக்குகளில் கால் பங்கினால் வந்தவை. எஞ்சிய முக்காற் பங்கு நாற்பதுக்கு மேற்பட்ட பட்டியல்களில் சிதறிப்போயிருந்தது. அடுத்த மே மாதத்தில் நடந்த உள்ளூராட்சித் தேர்தலில் குடாநாட்டுச் சபைகள் பலவற்றில் தமிழரசுக் கட்சி மீண்டும் முன்னுக்கு வந்தது.

பாராளுமன்றத் தேர்தலின் முடிவுகள் தொகுதிவாரியாகவே வெளியிடப்படுகின்றன. வாக்களிப்பு நிலையம் ஒவ்வொன்றின் கணக்கும் மக்கள் பார்வைக்கு வருவதில்லை. உள்ளூராட்சித் தேர்தலில் 2018 முதல் வட்டார முறை வந்தபின், எந்தக் குறிச்சி எவ்வாறு வாக்களித்தது என்பதை ஓரளவு காணமுடிகிறது. கட்சிகளும் அதனைக் கண்டுகொண்டன. வட்டாரத்துக்கு அபேட்சகரைத் தேடும்போது அக்குறிச்சியில் எந்தச் சாதியார் அதிகமென்று முதலிற் கேட்கிறார்கள். கொள்கை என்ன என்பது பிறகு. தாழ்த்தப்பட்டோர் வாழும் வட்டாரங்களிலே தாழ்த்தப்பட்டோர் நிறுத்தப்படுகின்றனர்; வேளாளர் வட்டாரத்தில் அவர்களை நிறுத்த எந்தப் பெரிய கட்சியும் எளிதில் முன்வருவதில்லை.